வளைந்த விரல்கள் தந்த வெளிச்சம்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, எஞ்சின் பற்றியோ சி.என்.சி. பற்றியோ எழுதித் தருவதாகத்தான் சொல்லியிருந்தேன். மெக்கானிக்கல் மாணவன் வேற என்னத்தை எழுதுவான்? ஆனா அதுக்குள்ள எங்க வீட்டில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. அதனால் ஒரு கண் டாக்டரின் வாழ்க்கையை எழுதுகிறேன். டாக்டர் கதை நமக்கு எதுக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லேத்தும் மில்லிங்கும் இதிலும் வருகிறது!

எங்க அப்பாயிக்கு எழுபது வயசுக்கு மேல ஆகுது. நெடுங்காடு பக்கத்து வயல்களில் நடவு, களையெடுப்பு என்று ஐம்பது வருஷம் குனிந்தே உழைத்த உடம்பு. இரண்டு வருஷமாகவே பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தியது. அப்புறம் கோயிலுக்குத் தனியாகப் போவதை நிறுத்தியது. வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியவே இல்லை. ஒருநாள் சாயந்திரம் சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி கையில் கொட்டிவிட்டது. அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அப்பா சத்தம் போட்டார். பேரன் காலேஜுக்குப் பணம் கட்டுற வருஷத்துல எனக்கு எதுக்குக் கண்ணு என்று அப்பாயி திருப்பிக் கேட்டுச்சு. எனக்குப் பேச்சே வரவில்லை.

ஒரு தனியார் இடத்தில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன்தான் வழி என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அப்பாவின் நான்கு மாதக் கூலி. திரும்பி வரும் வழியில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த மாதமே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடக்கிறது என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். போனோம். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி, தரங்கம்பாடி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கு முன்னால் இருக்கும் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். நானும் பின்னாலேயே பி.ஆர்.டி.சி. பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அங்கே சுவரில் ஒரு பெரியவரின் படம். வெள்ளை முடி, கனிந்த சிரிப்பு. ஆனால் என் கண் போனது அவருடைய விரல்களின் மேல். பத்து விரலும் முறுக்கிக்கொண்ட வேர் மாதிரி வளைந்திருந்தன. இந்தக் கையை வைத்துக்கொண்டா கண் ஆபரேஷன் செய்தார் என்று வியந்துபோனேன். அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

கரிசல் மண்ணில் பிறந்தவர்

அவர் பெயர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, எட்டயபுரம் பக்கத்தில் உள்ள அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. உடன்பிறந்தவர்களோடு சேர்த்து ஐந்து பேரில் இவர்தான் மூத்தவர். நம்ம ஊர் மாதிரி ஆறும் வாய்க்காலும் உள்ள பூமி இல்லை அது. மழையை நம்பிய கரிசல் காடு. பள்ளிக்கூடத்தில் தாளும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்.

அவருக்குச் சிறு வயது இருக்கும்போது, உறவுப் பெண்கள் மூன்று பேர் அடுத்தடுத்துப் பிரசவ காலத்தில் இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் என்று ஒருவர் இல்லை. தான் படித்துப் பிரசவ டாக்டராக வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் அந்தப் பையன் மனதில் விழுந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938இல் பட்டம் பெற்றார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் டாக்டரானார். உலகப் போர் நடந்த காலம் அது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

விதி குறுக்கே வந்தது

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இடி விழுந்தது. கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுக்கு மூட்டு வீங்கி, விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிட்டன. படுத்த படுக்கையாக மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து நிற்பதே பெரும்பாடு. 1948இல் ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. இந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது. சின்ன வயசிலிருந்து சுமந்த கனவு போயே போய்விட்டது.

நம்மில் பலர் ஒரு அரியர் விழுந்தாலே உலகமே முடிந்துவிட்டதாக மூலையில் உட்கார்ந்துவிடுகிறோம். முப்பது வயதில் இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கண் மருத்துவம் படிக்கத் திரும்பவும் சென்னைக்குப் போனார்! பேனா பிடிப்பதே கஷ்டமாக இருந்த கையால், மெல்ல மெல்லக் கத்தி பிடிக்கப் பழகினார். தன் விரல்களுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை அமைத்துக்கொண்டார். 1951இல் கண் அறுவைச் சிகிச்சையில் மேற்பட்டம் பெற்றார். அந்த வளைந்த விரல்கள் அவர் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தன. ஒரு லட்சம்! நம்ம காரைக்கால் நகரத்தின் மக்களை எல்லாம் வரிசையாக நிறுத்திக் கற்பனை செய்து பாருங்கள்.

அரசு டாக்டராக இருபது வருஷம்

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார். அங்கேதான் அவருக்கு ஒரு உண்மை புரிந்தது. கண் தெரியாமல் இருந்த ஏழைகளில் பெரும்பாலோர் குணப்படுத்தவே முடியாத குருடர்கள் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் வயதாகி வெளுத்துப்போவதுதான் புரை. அதை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போகும். அவ்வளவுதான்! ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வராதவர்களைத் தேடி நாமே போக வேண்டும் என்று முடிவு செய்தார். 1960களில் கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடத்தினார்.

1965இல் அவருக்குச் சர் ஜான் வில்சனின் நட்பு கிடைத்தது. இந்த வில்சன் இங்கிலாந்துக்காரர். பன்னிரண்டு வயதில் பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் சோதனை வெடித்து இரண்டு கண்ணையும் இழந்தவர். (ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி போடச் சொன்னால் சிரிக்கும் நண்பர்கள் கவனிக்க!) பின்னாளில் பார்வையற்றோருக்காக உலக அளவில் ஒரு அமைப்பையே உண்டாக்கினார். முகாம் பணிகளுக்கு அவருடைய துணை பெரிய பலமாக இருந்தது. 1973இல் இந்திய அரசு வெங்கடசாமிக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய வாழ்க்கை

1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. பென்ஷனை வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கிற வயது. இவர் மதுரையில் ஒரு வீட்டில் பதினோரு கட்டில்களைப் போட்டு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். புதுச்சேரி அரவிந்தர் மீது அவருக்கு ஆழ்ந்த பக்தி. அதனால்தான் அரவிந்த் என்று பெயர் வைத்தார். அந்த வகையில் நம்ம யூனியன் பிரதேசத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியதும் அதே 1976தான்.

கையில் பணம் இல்லை. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தில் இருந்த நகைகள் அடகுக்குப் போயின. அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று உடன்பிறந்தவர்களும் அவர்களின் துணைவர்களும் கூடவே நின்றார்கள். 1981இல் 250 படுக்கைகளோடு கட்டண மருத்துவமனை எழும்பியது. 1984இல் 350 படுக்கைகளோடு இலவச மருத்துவமனை தனியாக எழும்பியது. பிறகு 1985இல் தேனி, 1988இல் திருநெல்வேலி, 1997இல் கோவை. 2003இல் நம்ம தவளக்குப்பம்.

இலவசம் எப்படிக் கட்டுப்படியாகிறது?

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. பத்துப் பேரில் ஐந்தாறு பேருக்கு இலவசமாகவோ, மிகக் குறைந்த செலவிலோ செய்கிறார்கள். பணம் எங்கிருந்து வருகிறது? யாரோ பெரிய முதலாளி கொட்டிக் கொடுக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

வசதியுள்ளவர் கட்டணம் கொடுக்கிறார். அந்த வருமானத்திலேயே இல்லாதவருக்கும் ஆபரேஷன் நடக்கிறது. முகாமில் இருந்து வருபவர்களுக்கு அரசுத் திட்டத்தின் உதவித் தொகையும் உண்டு. கட்டணம் கொடுத்தவருக்குத் தனி அறை, ஏ.சி. இருக்கும். இலவசப் பிரிவில் பொதுக் கூடம், பாய். இதை மறைக்க வேண்டியதில்லை. எங்க அப்பாயியும் பாயில்தான் படுத்திருந்தது. ஆனால் டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள். இன்று அங்கே கத்தி பிடித்தவர் நாளை இங்கே பிடிப்பார். வசதியில்தான் வித்தியாசம், கை ஒன்றுதான்.

இதற்குக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவு இறங்க வேண்டும். இங்கேதான் நண்பர்களே, நம்ம பாடம் வருகிறது. அமெரிக்கா போனபோது மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்தார் வெங்கடசாமி. எந்த ஊரில் போய்ச் சாப்பிட்டாலும் ஒரே அளவு, ஒரே ருசி, ஒரே வேகம். ரொட்டிக்கு முடிகிற ஒழுங்கு கண்ணுக்கு ஏன் முடியாது என்று யோசித்தார். ஆபரேஷன் அறையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். முதல் ஆள் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். டாக்டரின் ஒரு நிமிஷம்கூட வீணாவதில்லை. நாம் ஒர்க் ஸ்டடியில் ஐடில் டைம் என்று படித்துப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிறோமே, அதேதான்!

பரிசோதனை, சொட்டு மருந்து போடுவது, நோயாளியைத் தயார் செய்வது போன்ற வேலைகளை எல்லாம் கிராமத்துப் பெண்கள் செய்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்கிறார். இதனால் நாட்டில் மற்ற இடங்களில் ஒரு டாக்டர் வருஷத்துக்குச் சில நூறு ஆபரேஷன் செய்தால், இங்கே சுமார் 2,000 வரை செய்ய முடிகிறது. இதை எல்லாம் ஆராய்ந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமே 1993இல் பாடமாக்கியது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழை வந்துவிடுவதில்லை. பஸ் காசு வேண்டும். சாப்பாடு வேண்டும். துணைக்கு வருபவரின் கூலி போகும். தனியாகப் போகப் பயமாகவும் இருக்கும். ஆகவே முகாமில் தேர்ந்தெடுத்தவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, ஓரிரு நாளில் அதே ஊரில் கொண்டுவந்து இறக்கிவிடும் முறை வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே போவதால் பயமும் பாதி தீர்ந்துவிடும். அப்பாயி போன பஸ்ஸில் பாட்டே பாடினார்களாம்!

லேத்தில் பிறந்த கண்

மெக்கானிக்கல் நண்பர்கள் இனி நிமிர்ந்து உட்காரலாம். முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டி மாதிரி தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அது உடைந்தால் மறுபடியும் இருட்டுத்தான். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கலாம் என்று 1949இல் செய்து காட்டியவர் லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் அக்ரிலிக் துண்டுகள் பாய்ந்திருந்தன. ஆனாலும் கண் அதை வேண்டாத பொருளாக எதிர்க்கவில்லை. இதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது.

ஆனால் அந்த லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒன்றின் விலை எண்பது, நூறு டாலர். ஏழைக்கு எப்படி வைப்பது? இலவச நோயாளிக்குத் தடித்த கண்ணாடி, காசுள்ளவருக்கு லென்ஸ் என்ற நிலையை வெங்கடசாமியால் ஏற்க முடியவில்லை. விலை குறையாவிட்டால் நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். வெளிநாட்டு நண்பர்களின் துணையோடு தொழில்நுட்பம் வந்தது. 1992இல் மதுரையில் ஆரோலேப் தொழிற்சாலை தொடங்கியது. அக்ரிலிக் வில்லையை லேத்தில் மைக்ரான் சுத்தமாகக் கடைந்து, மில்லிங் செய்து, கண்ணாடி மணிகளோடு உருட்டி உருட்டிப் பாலிஷ் போட்டு, கிருமி நீக்கி உறையில் அடைக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் வில்லை! விலை சுமார் பத்து டாலருக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து லென்ஸ் போகிறது. செய்பவர்களில் பெரும்பாலோர் நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரக்கம் மட்டும் போதாது நண்பர்களே. இரக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். விலையைக் குறைத்துக் காட்டியவர்தான் வெங்கடசாமி. ஏழைக்கு உதவுவது என்பது காசு போடுவது மட்டும் இல்லை. ஒரு பொருளை நல்லதாகவும் மலிவாகவும் செய்யத் தெரிவதும் உதவிதான். டிப்ளமோ படிச்சு என்ன கிழிக்கப் போறே என்று யாராவது கேட்டால் இந்த ஆறு மில்லிமீட்டர் வில்லையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறைவு

முதுமையிலும் வலியோடுதான் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, 87 வயதில், மதுரையில் காலமானார். அவர் போனாலும் அமைப்பு நிற்கவில்லை. 2008இல் கேட்ஸ் விருதும் 2010இல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் அரவிந்தைத் தேடி வந்தன. ஒரு மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பிக் கட்டியிருந்தால் அவரோடு முடிந்திருக்கும். முறையாகக் கட்டியதால் நிற்கிறது.

நாம் செய்ய வேண்டியது

அப்பாயிக்குக் கட்டுப் பிரித்த அன்று நான் எதிரே நின்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஏண்டா இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டே, ஹாஸ்டல்ல சோறு போடலையா என்று திட்டுச்சு. நான் வீட்டிலிருந்து போய் வருகிறவன் என்பதே அதற்கு மறந்துவிட்டது! சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. ஒரு கண் முடிந்திருக்கிறது. அடுத்த கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் வாய் திறக்காமல் இருக்கலாம். பீஸ் கட்டுகிற வருஷத்தில் தன் கண்ணைப் பற்றிப் பேசக் கூடாது என்று முடிவு செய்திருக்கலாம். நீங்களே கேளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் உள்ள காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து மற்ற கண். தடுமாறினால் முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் கண் பிரிவு இருக்கிறது. முகாம் நோட்டீஸ் பார்த்தால் கிழித்துப் போடாமல் தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். முகாமுக்குப் போகும்போது அடையாள அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். சர்க்கரையோ பிரஷரோ கூடுதலாக இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள். ஆகவே முன்னதாகவே அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எல்லா மங்கலும் புரை இல்லை என்பதையும் மறக்காதீர்கள். கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. சர்க்கரை நோயாளியின் விழித்திரையும் சத்தமில்லாமல் கெடும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

நம் வகுப்பிலேயே கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வெர்னியர் கோடு தெரியாமல் ரீடிங்கை ஊகித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கேலி பண்ணாமல் கண் டெஸ்டுக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த ஆண்டு நம் மாணவர் பேரவை சார்பில் கல்லூரியிலேயே ஒரு முகாம் நடத்தலாமே என்பது என் வேண்டுகோள். பெஞ்ச் தூக்க, பெயர் எழுத, பெரியவர்களைக் கைபிடித்து அழைத்து வர ஆள் வேண்டும். நான் தயார். நீங்கள்?



— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்